எங்கள் பிளானில் மேடை இருந்தது

போன ஞாயிற்றுக்கிழமை இரும்புலியூரில் கம்யூனிட்டி ஹால் திறப்பு விழா. சேர்மன் ரிப்பன் வெட்டினார். எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன்... வயிறு எரிய எரியத் தட்டினேன்.

ஏன் எரியாது? அந்த ஹால் எங்கள் சேலையூருக்கு வந்திருக்க வேண்டியது!

விஷயம் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். எங்கள் மாதர் சங்கத்துத் தையல் வகுப்பு என் வீட்டு வராந்தாவில்தான் நடக்கிறது. மழை வந்தால் மெஷின்களைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓட வேண்டும். ரேடியோவை நகர்த்து, நாற்காலியை நகர்த்து... "இது வீடா, டெய்லர் கடையா?" என்று என் கணவர் கேட்காத மழைக்காலம் கிடையாது. இன்னொரு மழையை அவரும் தாங்கமாட்டார், மெஷின்களும் தாங்கா. வேறு இடம் கிடைக்காவிட்டால் வகுப்பை மூடிவிட வேண்டியதுதான்.

போன மழைக்காலம் முடிந்த சமயத்தில்தான் சேதி வந்தது. இந்தப் பக்கத்துக்கு ஒரு ஹால் கட்டப் போகிறார்கள். ஒன்றே ஒன்று. வேண்டுகிறவர்கள் பிளானோடு வந்து பேசலாம் என்றார் சேர்மன்.

விடுவேனா? கமிட்டியைக் கூட்டினேன். தினம் சாயங்காலம் காபி, பஜ்ஜி, பிளான். ஆண்டு விழாவுக்கு மேடை வேண்டும் என்றார் தலைவி. மேடைக்கு வெல்வெட் திரை வேண்டும் என்றார் பொருளாளர். மேக்கப் ரூம் வேண்டும் என்றது... நான்தான். ஓவர்சியர் ஒருவரைப் பிடித்து ஜோராக வரைந்து வாங்கினோம். பேசப் போவதைக் கண்ணாடி முன் நின்று ஒத்திகை பார்த்தேன். பட்டுப் புடவை வேறு!

தலைவி, பொருளாளரோடு சேர்மன் ஆபீசுக்குப் போனால் பெஞ்சில் கிரேஸ் டீச்சர் உட்கார்ந்திருக்கிறாள். இரும்புலியூர் மாதர் சங்கத்துச் செயலாளர். எனக்கு அவளைக் கண்டாலே ஆகாது. காரணமா? அவள் வைத்த ரோஜா பூக்கும். அவள் கூப்பிட்டால் கூட்டம் வரும். போதாதா?

கசங்கின நூல் புடவை. கையில் பென்சிலால் போட்ட ஒரு பிளான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஹால் நமக்குத்தான் என்று நிம்மதியாக உட்கார்ந்தேன்.

முதலில் நான் பேசினேன். பிரமாதமாகவே பேசினேன். சேர்மன் எங்கள் பிளானை இப்படித் திருப்பினார், அப்படித் திருப்பினார்.

"மேடை இம்மாம் பெருசா கீதே... நாடகம் போடுவீங்களா?"

"ஆண்டு விழா நடத்துவோம் சார்."

"சரிம்மா. பொம்பளைங்க காலைல வந்தா சாயங்காலம் வரிக்கும் தைப்பாங்கன்றீங்க. கக்கூஸ் எங்க கீது?"

தலைவி பொருளாளரைப் பார்த்தார். பொருளாளர் என்னைப் பார்த்தார். நான் பிளானைப் பார்த்தேன். அத்தனை பெண்களில் ஒருத்திக்குக்கூடவா தோன்றவில்லை என்கிறீர்களா? தோன்றியிருக்கும். பஜ்ஜித் தட்டை முன்னால் வைத்துக்கொண்டு அந்த வார்த்தையை யார் வாய்விட்டுச் சொல்வது?

கிரேஸ் டீச்சர் தன் பேப்பரை நீட்டினாள். ஒரு நீள அறை. பின்பக்கம் இரண்டு கக்கூஸ், ஒரு தண்ணீர்த் தொட்டி. மேடையே இல்லை.

"வீட்டை விட்டு வந்தா, திரும்பிப் போற வரைக்கும் எங்க பொண்ணுங்க ஒரு வாய் தண்ணி குடிக்கறதில்ல சார். குடிச்சா எங்க போறது? மொதல்ல இதக் கட்டிக் குடுங்க. ஹால் சின்னதா இருந்தாலும் பரவாயில்ல."

எனக்குச் சுருக்கென்றது. என் வராந்தாவில் தைக்கிறவர்களும் மோர் கொடுத்தால் வேண்டாம் என்றுதான் சொல்வார்கள். கூச்சம் என்று நினைத்திருந்தேன். கேட்டிருந்தால் கொல்லைப் பக்கம் போகச் சொல்லியிருக்க மாட்டேனா? கேட்கவில்லையே!

ஹால் இரும்புலியூருக்குப் போய்விட்டது.

திறப்பு விழாவுக்குப் போகத்தான் வேண்டுமா என்றார் கணவர். "போகாவிட்டால் பொறாமை என்பார்கள்" என்றேன். "இல்லையா?" என்றார். புடவை கட்டிக்கொண்டு, என் தையல் பெண்களையும் கூட்டிக்கொண்டு கிளம்பினேன்.

விழா முடிந்ததும் கிரேஸ் டீச்சர் நேராக என்னிடம் வந்தாள்.

"அக்கா, செவ்வா, வெள்ளி ஹால் காலியாத்தான் கிடக்கும். உங்க கிளாஸை இங்கயே கொண்டு வந்துடுங்க. மழைக்குப் பயப்பட வேணாம்."

வகுப்பு பிழைத்தது! நான் சந்தோஷப்பட வேண்டும் இல்லையா? ஆனால் கொடுக்கிறவள் அவள், வாங்கிக்கொள்கிறவள் நான்... எப்படித் தொண்டையில் இறங்கும்? நான் வாய் திறப்பதற்குள் என் பெண்கள் தலையாட்டிவிட்டார்கள். அதில் ஒருத்தி, என்னிடம் ஒருநாளும் மோர் வாங்கிக் குடிக்காதவள், மூலையில் இருந்த பானையில் தண்ணீர் மொண்டு மடக் மடக்கென்று குடித்தாள்.

"சரி டீச்சர், வர்றோம்" என்றேன்.

குறை ஏதாவது கிடைக்காதா என்று பின்பக்கம் போய்ப் பார்த்தேன். பளிச்சென்று இருந்தது. வாளி நிறையத் தண்ணீர். தாழ்ப்பாள்கூட ஒரே தள்ளில் விழுந்தது. வெளியே வந்தால் கிரேஸ் டீச்சர் நிற்கிறாள்.

"எப்படிக்கா இருக்கு?"

"எல்லாம் சரி. கதவு பெயிண்ட்தான் கொஞ்சம் மட்டம்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

உங்களிடம் மட்டும் சொல்கிறேன் – பெயிண்ட்டும் நன்றாகத்தான் இருந்தது.