பியானோவின் இடப்பக்க நாற்காலி

வலித்தைல வாசனைதான் முதலில் நினைவுக்கு வருகிறது. பியானோ முன் உட்காருமுன் அந்த அம்மா இரண்டு மணிக்கட்டிலும் தைலத்தைத் தேய்த்துக்கொள்வார். பக்கத்து நாற்காலியில் இருந்த எனக்குக் கண் எரியும்.

ஏழெட்டு வருடம் இருக்கும்... சிட்னியில் மாஸ்டர்ஸ் படித்துக்கொண்டே ஒரு இசை அரங்கத்தில் கேஷுவல் வேலை பார்த்தேன். டிக்கெட் ஸ்கேன் செய்வது, நாற்காலி அடுக்குவது. யாரிடமும் அதிகம் பேச வேண்டாம் என்பதாலேயே பிடித்த வேலை.

அமெரிக்காவிலிருந்து ஒரு பெண் இசையமைப்பாளர் வந்திருந்தார். எழுபது வயது. தான் எழுதியதைத் தானே பியானோவில் வாசிப்பவர். மாலையில் கச்சேரி. அவர் வாசிக்கும்போது பக்கத்தில் இருந்து இசைக்குறிப்பு நோட்டின் பக்கங்களைப் புரட்ட வேண்டிய மாணவிக்குக் காய்ச்சல் என்று காலையில் போன் வந்தது.

மேடை வேலைகளைப் பார்த்துக்கொண்ட சுகந்தி அக்கா, யாழ்ப்பாணத்துக்காரர், நேராக என்னிடம் வந்தார்.

"நீர் நோட்ஸ் வாசிப்பீர் எண்டு ஒருநாள் சொன்னனீர் எல்லோ?"

"கான்வென்ட்ல சிஸ்டர் கொஞ்சம் சொல்லிக் குடுத்தாங்கக்கா... அவ்வளவுதான்."

"அது காணும். வாரும்."

கச்சேரிக் கையேட்டில் அந்த இசையமைப்பாளரின் வாழ்க்கை ஒரே பக்கத்தில் அடங்கியிருந்தது. அப்பாவுக்கு மர அறுவை மில்லில் வேலை. வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போனவர். இருபது வருடம் குழந்தைகளுக்கு பியானோ சொல்லிக்கொடுத்துப் பிழைப்பு, விடிகாலையில் எழுத்து. ஐம்பது வயதுக்கு மேல்தான் பெரிய அரங்குகள் கூப்பிட்டன.

'வீட்டில் முதன்முதலாக' என்ற இடத்தில் என் கண் நின்றுவிட்டது. எங்கள் வீட்டிலும் நான்தான். இசை எழுதப்போகிறேன் என்று இவர் சொன்ன அன்று அந்த வீட்டில் என்ன பேசியிருப்பார்கள்?

ஒத்திகை தொடங்கியது. முதல் பக்கம் முடியும் இடத்தில் அவர் தலையசைத்தார். நான் எழுந்து, வலக்கையை நீட்டிப் புரட்டினேன்.

வாசிப்பு நின்றது. என் கை முழுதாக அவர் கண்ணுக்கும் நோட்டுக்கும் நடுவே இருந்தது.

இடப்பக்கம் இருப்பவர் இடக்கையால் மேல் ஓரத்தைப் பிடித்துத் திருப்ப வேண்டும். அப்போதுதான் எழுத்து மறையாது. அவர் சொன்னது புரிந்தது. ஆனாலும் அடுத்த பக்கத்துக்கும் வலக்கைதான் போனது. அதற்கடுத்ததற்கும்... சின்ன வயதில் புத்தகத்தை இடக்கையால் வாங்கினால், "சோத்துக்கை எதுக்கு இருக்கு?" என்று அப்பா திரும்பப் பிடுங்கிக்கொள்வார். ஒரு பெரியவர் முகத்துக்கு நேரே பீச்சாங்கையை நீட்டுவதா?

அவர் கோபப்படவில்லை. சுகந்தி அக்காவைக் கூப்பிட்டு, இது சரிவராவிட்டால் கடைசியில் உள்ள நீளமான இசைக்கோவையை விட்டுவிடுகிறேன், நோட்டு இல்லாமல் அதை வாசிக்க முடியாது என்று அமைதியாகச் சொன்னார். அதைக் கேட்கத்தான் எல்லோரும் வருகிறார்கள். என் ஒரு கையால் அது இல்லாமல் போகப்போகிறது.

பின்னறையில் ஒரு பழைய பத்திரிகையை ஸ்டாண்டில் வைத்து அக்கா என்னைப் பழக்கினார்.

"என்ன, அவவுக்கு ஆரத்தியோ எடுக்கிறீர்? இடக்கை, இடக்கை!"

"வரமாட்டேங்குதுக்கா..."

"அப்ப வலக்கையால கதிரையை இறுக்கிப் பிடிச்சுக்கொண்டு எழும்பும். அது எங்க போகுதெண்டு பாப்பம்."

அப்படித்தான் வந்தது. மறுபடி வாசித்துப் பார்த்துவிட்டு, அந்த அம்மா "ஓகே" என்றார். அந்தத் துணிச்சலில், காலையிலிருந்து அரித்துக்கொண்டிருந்ததைக் கேட்டுவிட்டேன். நீங்களே எழுதியதற்கு நோட்டு எதற்கு?

சிரித்தார். எழுதி முப்பது வருடமாகிவிட்டது, எழுதியவளோடு இப்போது அவ்வளவாகப் பழக்கமில்லை என்றார்.

மாலையில் என் வலக்கை நாற்காலியை விடவில்லை. இடக்கை போய்ப் போய் வந்தது. கடைசி இசைக்கோவையின் கடைசிப் பக்கத்தையும் திருப்பிவிட்டு உட்காரப் போனவள், பாதியில் அப்படியே நின்றுவிட்டேன்.

அவர் வாசித்தது தாளில் இல்லை.

தாளில் சுரங்கள் படிப்படியாகக் கீழே இறங்கின. அவர் விரல்களோ மேலே போய்க்கொண்டிருந்தன. இரண்டு பக்கமாகப் புரட்டிவிட்டேனா? பக்க எண்ணைப் பார்த்தேன். சரிதான். அவர் ஓரக்கண்ணால் என்னைப் பார்த்து, லேசாகப் புருவத்தை உயர்த்திவிட்டு, மேலேயே முடித்தார்.

அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. சுகந்தி அக்காவுக்குக்கூட.

இப்போது நான் மெல்போர்னில், முழுநேர வேலையில். டிக்கெட் வாங்கிக்கொண்டு கச்சேரிக்குப் போகிறேன். வாசிப்பவர்கள் நோட்டுக்குப் பதில் டேப்லெட் வைத்துக்கொண்டு காலால் ஒரு பெடலை அழுத்துகிறார்கள், பக்கம் மாறிவிடுகிறது. வசதிதான். பக்கத்தில் நாற்காலியே போடுவதில்லை.

அந்த இசைக்கோவையை அவர் வாசித்த பதிவுகள் எல்லாவற்றையும் தேடிக் கேட்டுவிட்டேன். எல்லாவற்றிலும் சுரங்கள் கீழேதான் இறங்குகின்றன. அன்று மட்டும் ஏன் மேலே போனார்...

அவரும் இப்படிப் பெடலை அழுத்தி வாசித்திருந்தால், மேலே போனார் என்பதே எவருக்கும் தெரிந்திருக்காது.