சிவலை தின்ற எலும்பு

நெடுந்தீவில் எங்கள் வளவுக்கும் பார்வதிப்பிள்ளையின் வளவுக்கும் நடுவில் ஒரு கல்வேலிதான் இருந்தது. கடற்பாறைக் கல்லைச் சாந்து இல்லாமல் அடுக்கிக் கட்டுகிற எங்கள் ஊர் வேலி. அந்த வேலிக்கு மேலால் இந்தப் பக்கம் பால் வரும், அந்தப் பக்கம் முருங்கைக்காய் போகும். மீன் மட்டும் போகாது, ஏனென்றால் அவர்கள் சுத்த சைவம், நாங்கள் வேதக்காரர், மாதா கோயிலுக்குப் போகிறவர்கள். எல்லாவற்றையும் விட அதிகமாக வந்தவை பார்வதியக்காவின் கேள்விகள்.

ஊரில் அவருக்கு ‘ஏன் பார்வதி’ என்று பட்டம் வைத்திருந்தார்கள். கோழி ஏன் மணலைக் கொத்துகிறது, கடலோரத்து ஆணி ஏன் கெதியாகக் கறள் பிடிக்கிறது, புளி பட்டால் பால் ஏன் திரைகிறது? ஐந்தாம் வகுப்போடு அவரைப் பள்ளிக்கூடத்தால் மறித்துவிட்டார்கள். கேள்விகளை மறிக்க ஒருவராலும் முடியவில்லை.

என்னிடம் கேட்டதற்கு ஒரு காரணம் இருந்தது. நான் யாழ்ப்பாணத்தில் நின்று உயர்தர வகுப்பில் விஞ்ஞானம் படித்தவள். படித்தவள் என்பது உண்மை, தேறியவள் என்று யாரும் சொல்ல முடியாது. இரசாயனத்தில் எனக்கு எஃப். இதை நான் ஒளிக்கவில்லை.

“எஃப் எண்டால் ஒண்டும் தெரியாதெண்டில்லைத்தானே, மேரிறோஸ்” என்பார் பார்வதியக்கா. எங்கள் வீட்டில்கூட அதைப் பற்றி என்னோடு அவ்வளவு ஆறுதலாக யாரும் கதைத்ததில்லை.

நான் சொல்ல வந்தது எண்பத்துநாலாம் ஆண்டு, சோளகக் காற்று வீசும் கோடைக் காலத்தில் நடந்தது. அதற்கு முந்தின வருட ஆடிக் கலவரத்தின்போது அவருடைய கணவர் அப்புத்துரை அண்ணை தெற்கில் ஒரு கடையில் வேலையாக இருந்தார். கடை எரிந்தது என்று தெரிந்தது, ஆள் என்னவானார் என்று தெரியவில்லை. பார்வதியக்கா பிள்ளையாருக்கு நேர்த்தி வைத்தார். அவர் உயிரோடு வந்து சேர்ந்தால், வீட்டுப் பசு சிவலை அடுத்த கன்று போட்டதும், பால் வற்றும்வரைக்கும் வெள்ளிக்கு வெள்ளி அபிஷேகத்துக்கு அதன் பால். அண்ணை அகதிக் கப்பலில் காங்கேசன்துறைக்கு வந்து, உடுத்த சாரத்தோடு ஊருக்கு வந்து சேர்ந்தார். சிவலையும் தை மாதத்தில் கன்று போட்டது. வெள்ளி தவறாமல் பால் கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்தது. அண்ணை மட்டும் வந்த நாளிலிருந்து தேவைக்கு மேல் ஒரு சொல் கதைப்பதில்லை.

ஆனி கடந்ததும் வெளியில் புல் காய்ந்து தும்பாகிவிட்டது. அப்போதுதான் ஒருநாள் பின்னேரம் சிவலை மேய்ச்சல் வெளியிலிருந்து வாயில் ஒரு வெள்ளை எலும்போடு வீட்டுக்கு வந்தது. கோடைக்குச் செத்த மாடுகளினதும், எங்கள் தீவில் கட்டாக்காலியாகத் திரியும் குதிரைகளினதும் எலும்பு அந்த வெளியில் எப்போதும் வெளுத்துக் கிடக்கும். அதில் ஒன்றைக் கடவாயில் வைத்து, கண்ணை அரைவாசி மூடிக்கொண்டு, மெதுவாக அரைத்தபடி தெரு முழுக்க நடந்து வந்தது. சைவ வீட்டுப் பசு, அதுவும் கோயிலுக்குப் பால் கொடுக்கிற பசு. வெறும் வாயை மென்றுகொண்டிருந்த ஊருக்கு அவல் கிடைத்துவிட்டது.

அடுத்த நாளே பரமலிங்கம் வந்தார். கோயில் நிர்வாகத்தைப் பார்க்கிறவரை எங்கள் பக்கத்தில் மனேச்சர் என்போம். அவர்தான் அந்த மனேச்சர். முற்றத்தில் நின்றபடியே சொன்னார். “பார்வதி, இந்தப் பாலை இனிக் கோயிலுக்குக் கொண்டு வராதையும். மாமிசம் தின்னுற மாடு வீட்டுக்கும் கூடாது. மாட்டு வியாபாரிக்குக் குடுத்துவிடும்.”

“அது ஏன் தின்னுது, பரமலிங்கண்ணை?”

“ஏனெண்டு நான் மாட்டிட்டையே கேக்கிறது?” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் போனபின் பார்வதியக்கா வேலியடிக்கு வந்தார். முகம் செத்துப்போயிருந்தது. “நேர்த்தி அரைவாசியிலை நிக்குது, மேரிறோஸ். குடுக்கிறனெண்டு சொன்னதைக் குடுக்காமல் விட்டால் தந்தவர் திருப்பி எடுத்துப்போடுவாரோ எண்டு பயமாக்கிடக்கு.” உள்ளே கதிரையில் சாய்ந்திருந்த அண்ணையின் பக்கம் கண்ணைக் காட்டினார். பிறகு, அழப்போகிறார் என்று நான் நினைத்த நேரத்தில், கேட்டார்: “உண்மையிலை அது ஏன் தின்னுது?”

எனக்குச் சட்டென்று பதில் வந்தது. சட்டென்று வருகிற பதில்களால்தான் எனக்கு எஃப் கிடைத்தது. “கல்சியம் காணாதக்கா. சுண்ணாம்புச் சத்து. எலும்பெல்லாம் கல்சியம்தானே.”

பார்வதியக்கா வேலிக் கல்லில் கையை வைத்தார். “இந்தத் தீவே சுண்ணாம்புக் கல்லு. கிணத்துத் தண்ணியைக் கொதிக்க வைச்சால் கேத்திலுக்குள்ளை சுண்ணாம்பு படியுது. சுண்ணாம்புதான் வேணுமெண்டால் சிவலை வேலியை நக்கலாமே? ஏன் அவ்வளவு தூரம் போய் எலும்பைத் தேடுது?”

வெட்கமாக இருந்ததை விட, எனக்கும் தெரியவேண்டும் போல இருந்தது. வேலியில் இல்லாத எதுவோ எலும்பில் இருக்கிறது. அது என்ன?

என் அப்பா சந்தியோகு கல் சுட்டுச் சுண்ணாம்பு விற்பவர். அவருடைய சூளை அந்தக் கிழமை எரிந்துகொண்டிருந்தது. நான் மேய்ச்சல் வெளியில் பழைய எலும்பு கொஞ்சம் சாக்கில் பொறுக்கி வந்தேன். பார்வதியக்கா சாக்கைத் தொடவில்லை, ஆனால் சூளைவரைக்கும் பின்னால் வந்தார். கல்லோடு கல்லாக எலும்பையும் போட்டோம். “என்ர சூளையிலை ஆரின்ர குதிரையைச் சுடுறீங்கள்?” என்று அப்பா முணுமுணுத்தார், தடுக்கவில்லை.

சூளை ஆறினபின் இரண்டையும் வெளியே எடுத்தோம். சுட்ட கல்லும் வெள்ளை, சுட்ட எலும்பும் வெள்ளை, பார்வைக்கு அண்ணன் தம்பி போல. இரண்டு சட்டியில் தனித்தனியாகப் போட்டு அப்பா தண்ணீர் தெளித்தார். கல் சீறியது, கொதித்தது, வெடித்து மாவாகப் பொரிந்தது. எலும்பு நனைந்த கல்லைப் போலப் பேசாமல் கிடந்தது.

“உது நீறாது பிள்ளை,” என்றார் அப்பா. “சுண்ணாம்பெண்டால் நீறும்.”

பார்வதியக்கா குந்தியிருந்து எலும்புச் சட்டியையே பார்த்தார். “அப்ப ரெண்டும் ஒண்டில்லை,” என்றார்.

அந்த இடத்தில்தான் எனக்குப் பழைய பாடம் ஒன்று திரும்பி வந்தது. எலும்பில் கல்சியம் தனியாக இல்லை, பொசுபரசு என்ற இன்னொரு மூலகத்தோடும் ஒட்சிசனோடும் கட்டுண்டு இருக்கிறது. கல்லில் கல்சியம் உண்டு, பொசுபரசு இல்லை என்றே சொல்லலாம். அந்தக் கல் உடைந்து உண்டான மண்ணிலும் அது குறைவு. மண்ணில் குறைந்தால் புல்லில் குறையும். புல்லில் குறைந்தால் மாடு எங்கே போகும்? இதையெல்லாம் பார்வதியக்காவுக்குச் சொன்னேன்.

“மாடு தானா உண்டாக்காதோ? புல்லைத் திண்டு பாலை உண்டாக்குதுதானே.”

“மூலகத்தை உண்டாக்க ஏலாதக்கா. ஒரு அணு பொசுபரசு செய்ய மாட்டுக்கும் ஏலாது, எங்களுக்கும் ஏலாது. வெளியிலையிருந்து வாறதை எடுத்து மாத்தி மாத்தி அடுக்கலாம், அவ்வளவுதான்.”

“பழைய வேலிக் கல்லைக் கழட்டிப் புதுவேலி கட்டுறது மாதிரியோ?”

“ஓம்.”

“அப்ப சிவலை இறைச்சிக்கு ஆசைப்படேல்லை,” என்றார் மெதுவாக. “கல்லுத் தேடித் திரிஞ்சிருக்கு.”

அதையும் அவர் சும்மா நம்பவில்லை. இறைச்சி வாசத்துக்குத்தான் தின்கிறது என்றால், சுட்ட எலும்பில் அந்த வாசம் இல்லை, அதைத் தொடாது. அப்படிப் பார்த்தால் தெரிந்துவிடும் என்றார். உரலில் இடித்துக் கொடுக்கும்படி என்னிடம் கேட்டார். நான் இடிக்கத் தொடங்கக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு என் கையிலிருந்து உலக்கையை வாங்கித் தானே இடித்தார். “சாணியைச் சுட்டால் திருநீறு. அக்கினிக்குள்ளை போய் வந்ததிலை என்ன தீட்டு?” என்று எனக்குச் சொன்னாரா, தனக்குச் சொன்னாரா தெரியவில்லை.

ஒரு தட்டில் சுண்ணாம்பு, ஒரு தட்டில் உப்பு, ஒரு தட்டில் அந்த வெள்ளைத் தூள். சிவலை சுண்ணாம்பை மணந்து பார்த்துத் தும்மியது. உப்பை ஒரு தரம் நக்கியது. தூளில் வாயை வைத்ததும் தட்டு வெறுமையாகிப் பளபளக்கும் வரை தலையைத் தூக்கவில்லை. பார்வதியக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். நான் அவரை அந்த வருடத்தில் சிரித்துக் கண்டது அன்றைக்குத்தான்.

அதன்பின் தினமும் தவிட்டோடு ஒரு பிடி தூள். கொஞ்ச நாளில் சிவலை வெளியில் எலும்பைக் கண்டாலும் திரும்பிப் பார்க்காமல் நடந்தது. கோடை தொடங்கியதிலிருந்து விறைத்து இழுத்த பின்னங்கால்களும் இளகின. நான் புத்தி சொன்னேன். “இனி மாடு எலும்பு தின்னுறதில்லையெண்டு மனேச்சருக்குச் சொல்லுங்கோ. தூளைப் பற்றிக் கதைக்காதையுங்கோ.”

“பாலிலை தண்ணி கலந்தாலே குற்றம்,” என்றார். “நான் பொய்யைக் கலக்கவோ?”

வெள்ளிக்கிழமை காலை செம்போடு கோயிலுக்குப் போனார். துணைக்கு நான் போய் வாசலில் நின்றேன். பரமலிங்கத்தாரிடம் எல்லாவற்றையும் சொன்னார், சூளை, சட்டி, தூள், தன் கையால் ஊட்டியது எல்லாம். கேட்கக் கேட்க மனேச்சரின் முகம் கறுத்தது.

“எலும்பைக் கரைச்சுக் குடுத்துப்போட்டு அந்தப் பாலைச் சுவாமிக்கு ஊத்தவோ சொல்லுறீர்?”

“அண்ணை, கண்டுக்குட்டி பிறந்த புதிசிலை பாலை மட்டும்தானே குடிச்சது. அப்பவும் அதுக்கு எலும்பு வளந்தது. பாலுக்குள்ளை எலும்பு இல்லாட்டில் அதுக்கு எங்கையிருந்து வருது? எந்த மாட்டுப் பாலெண்டாலும் அப்பிடித்தான். நாங்கள் பிள்ளையாருக்கு இவ்வளவு காலமும் ஊத்தினது என்ன?”

ஐயர் மணியைத் துடைத்துக்கொண்டிருந்த கையை நிறுத்தினார். படித்தது நான், அந்தக் கேள்வி எனக்கு வரவில்லையே என்று பொறாமையாக இருந்தது. மனேச்சர் மட்டும் அசையவில்லை. “இது கோயில், விவாதம் பண்ணுற இடமில்லை,” என்று கையைக் காட்டி அனுப்பிவிட்டார். எனக்கு வந்த ஆத்திரம் இன்னும் முழுதாகப் போகவில்லை.

பார்வதியக்கா அந்தப் பாலை எங்கள் பானையில் ஊற்றிவிட்டு, வேலியில் தலையைச் சாய்த்து அழுதார். “கேட்டதே பிழையோ?” என்றார். இல்லையென்று நான் சொன்னதை அவர் கேட்டதாகத் தெரியவில்லை. அந்தக் கிழமை முழுவதும் அவர் என்னிடம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. அண்ணைக்குச் சாதாரணத் தடிமன் வந்தபோதும் மனுசி நடுங்கிப்போனார்.

ஊர்வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். கோயிலில் நடந்த கதையும் வீடு வீடாகப் போனது, ஒரு வீட்டில் நல்லதும் செய்தது. ஒருநாள் மத்தியானம், தெருவில் ஆட்கள் இல்லாத வெயிலில், மனேச்சரின் மனைவி அன்னபூரணம் பார்வதியக்கா வீட்டுக்கு வந்தார். முதலில் வேலிக்கு இந்தப் பக்கம் நின்ற என்னிடம் முருங்கைக்காய் கேட்டார். பிறகு மழை எப்போது வரும் என்று கேட்டார். பிறகு சீலைத் தலைப்பைத் திருகிக்கொண்டு சொன்னார். “எங்கடை மாடும் தின்னுது, பார்வதி. இவர் வெளியிலை விடாமல் கட்டி வைச்சிருக்கிறார். இப்ப எழும்பவும் ஏலாமல் கிடக்கு. அந்தத் தூளிலை கொஞ்சம் தருவீரோ?”

நான் என்றால் அந்த இடத்தில் நாலு கேள்வி நாக்கைப் பிடுங்கிக்கொள்ளக் கேட்டிருப்பேன். பார்வதியக்காவும் கேட்டார். கண் பழையபடி விரிந்திருந்தது. “எப்பிடிப்பட்ட எலும்பைத் தின்னுது அக்கா? காய்ஞ்சதையோ, புதுசையோ? கட்டி வைச்சாப்போலை வேறை எதையும் நக்கினதோ?”

அன்னபூரணம் திகைத்துப்போய் ஒவ்வொன்றாகப் பதில் சொன்னார். காய்ந்ததைத்தான் தின்றது. கட்டி வைத்தபின் மண்ணை நக்கியது. பார்வதியக்கா ஒரு பேணி நிறையத் தூளைக் கொடுத்தார். “அவருக்குச் சொல்லிப்போட்டுக் குடுங்கோ, அக்கா. ஒளிச்சுக் குடுக்காதையுங்கோ,” என்று மட்டும் சொன்னார்.

அன்னபூரணம் சொல்லியிருக்க வேண்டும். அடுத்த வெள்ளி காலை கோயில் பெடியன் ஒருவன் வந்து, பால் கொண்டுவரட்டாம் என்று சொல்லிவிட்டு ஓடினான். பார்வதியக்கா செம்பைத் தூக்கியபோது அப்புத்துரை அண்ணையும் சால்வையை எடுத்துப் போட்டுக்கொண்டு எழும்பினார். திரும்பி வந்த நாளிலிருந்து அவர் வாசல் படலையைத் தாண்டிப் போனது குறைவு. மூன்று பேருமாகப் போனோம். மனேச்சர் வாசலில் நின்றார். எங்களைப் பார்க்காமல் கொடிமரத்தைப் பார்த்தபடி ஒதுங்கி வழிவிட்டார். ஐயர் செம்பை வாங்கி ஊற்றினார். பார்வதியக்கா கண்ணை மூடிக் கும்பிட்டார், நீண்ட நேரம்.

திரும்பி வரும் வழியில் அண்ணை என்னைப் பார்த்துக் கேட்டார். அவர் என்னிடம் தானாக ஒன்று கேட்டது அதுதான் முதல் தரம்.

“பிள்ளை, பொசுபரசெண்டால் கெதியா நெருப்புப் பத்துற சாமான் எண்டுதான் நான் கேள்விப்பட்டனான். அப்ப ஏன் எலும்பு எரியிறதில்லை?”

“எலும்பிலை இருக்கிற பொசுபரசு தனிய இல்லையண்ணை. அது முந்தியே ஒட்சிசனோடை சேந்திட்டுது. எரியிறதெண்டாலும் ஒட்சிசனோடை சேருறதுதான். அதெண்டபடியால் அது எரிஞ்சு முடிஞ்ச சாமான். திரும்ப எரிய ஏலாது.”

அவர் கொஞ்சத் தூரம் நடந்தார். பிறகு நின்றார்.

“நெருப்பு அடங்கினாப்போலை நான் கடையடிக்குத் திரும்பிப் போனனான்,” என்றார். “என்னோடை வேலை செய்து பின் அறையிலை படுக்கிற ஆள் உள்ளுக்கை அகப்பட்டிட்டார். எலும்பு மட்டும் கிடந்தது, வெள்ளையா. எல்லாம் எரிஞ்ச இடத்திலை அது ஏன் மிச்சமெண்டு நான் ஒரு வருசமா யோசிச்சுக்கொண்டு திரியிறன்.”

நான் பார்வதியக்காவைப் பார்த்தேன். அந்த மனுசி அவரிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. வெறும் செம்பை மற்றக் கைக்கு மாற்றிவிட்டு, தெருவில் ஆட்கள் பார்க்க, அவருடைய கையைப் பிடித்தார்.