கெட்டிலின் மூக்குக்குள் பச்சை

செலியமேட்டில் சிவப்பிரகாசம் வீட்டுப் பாத்திரங்களைத் துலக்குவது காசம்மாளின் வேலை. புருஷன் போன பிறகு அந்த வேலையில்தான் பிழைத்தாள். 1936ல் சிவப்பிரகாசம் புதுச்சேரியிலிருந்து ஒரு செம்புக் கெட்டில் வாங்கிவந்தார். உள்ளே ஈயம் பூசி வெள்ளையாக இருந்தது. அவர் மனைவி தையலம்மாளுக்கு அந்த வெள்ளை பிடிக்கவில்லை.

"உள்ளேயும் தகதகன்னு இருக்கணும்டி. நல்லா தேய்."

காசம்மாள் புளியும் செங்கல் தூளும் போட்டுத் தேய்த்தாள். ஆறு மாதத்தில் உள்ளே செம்பு பளபளத்தது. "காசம்மா கை பட்டா பாத்திரம் பேசும்" என்றாள் தையலம்மாள். காசம்மாளுக்குப் பெருமை தாங்கவில்லை.

ஐப்பசி மழை பிடித்ததும் ராத்திரியே சுக்குத் தண்ணீர் கொதிக்கவைத்து, எலுமிச்சை பிழிந்து, கெட்டிலிலேயே மூடிவைக்கத் தொடங்கினார்கள். விடிந்ததும் சுடவைத்து எல்லோரும் குடிப்பார்கள். காசம்மாளுக்குத் தன் வீட்டில் கஞ்சிதான். குருவிநத்தத்திலிருந்து வந்த புது மருமகள் அமுதமும் தொடமாட்டாள். சுக்கு அவளுக்கு நெஞ்சைக் கரிக்கும்.

முதலில் சிவப்பிரகாசம் வாந்தி எடுத்தார். பிறகு தையலம்மாள். "வாயெல்லாம் காசைச் சப்புன மாதிரி இருக்கு" என்றார்கள். அவர்களுடைய ஆறு வயது மகள் கஸ்தூரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டாள். அமுதத்தின் புருஷனான அவள் அண்ணனும் படுத்துவிட்டான். வைத்தியர் மருந்து கொடுத்தார். மறுநாள் காலையில் மறுபடியும் வாந்தி. வீட்டில் சோறு வடிக்கும் சத்தம்கூடக் குறைந்துவிட்டது. நின்று நடமாடியவள் அமுதம் ஒருத்திதான்.

அதுவே அவளுக்கு வினையானது.

"எல்லாரும் படுத்துக் கெடக்கோம், இவளுக்கு மட்டும் ஒண்ணுமில்ல. இன்னாத்தைக் கலக்குனாளோ!" என்றாள் தையலம்மாள்.

கெட்டிலைக் கழுவும்போது காசம்மாள் ஈரத்துணியை ஈர்க்குச்சியில் சுற்றி அதன் மூக்குக்குள் விட்டாள். துணி பச்சையாக வந்தது. செம்பில் புளிப்புப் பட்டு ஊறிய களிம்பு, வயிற்றுக்குள் போனால் விஷம்.  ஈயத்தைத் தேய்த்து எடுத்தது தன் கைதான். சொன்னால் பழி தன்மேல் விழும். கெட்டிலைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வாயைத் திறக்காமல் வீட்டுக்குப் போனாள். அன்றும் அதில் சுக்குத் தண்ணீர் வைத்தார்கள்.

மறுநாள் காலை, அமுதத்தைத் தாய்வீட்டுக்கு அனுப்ப வாசலில் மாட்டுவண்டி நின்றது. அவள் அழவில்லை, பெட்டியை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். உள்ளே கஸ்தூரிக்கு டம்ளரில் சுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். காசம்மாள் ஓடிப்போய் டம்ளரைத் தட்டிவிட்டாள்.

"குடிக்காத கண்ணு! அய்யா, மருமவ மேல தப்பு இல்ல. இந்தப் பாத்திரம்தான்... நான்தான் ஈயத்தைத் தேய்ச்சிட்டேன்."

தையலம்மாள் எழுந்து வந்து அவளை அறைந்தாள். சிவப்பிரகாசம் தானே குச்சியில் துணி சுற்றி கெட்டிலின் மூக்குக்குள் விட்டு எடுத்தார். துணியில் பச்சையைக் கண்டதும் அமுதத்தை இறங்கச் சொல்லி வண்டியைத் திருப்பி அனுப்பினார்.

கெட்டில் ஈயம் பூசப் போனது. வாந்தி நின்றது. கஸ்தூரி எழுந்து உட்கார இருபது நாள் பிடித்தது. அதுவரை காசம்மாள் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. திரும்பி வந்த கெட்டிலைச் சலித்த சாம்பலும் துணியும் கொண்டு மெதுவாகத் துடைத்தாள். புளிப்பு எதையும் அதில் ஊற்ற விடவில்லை. ராத்திரி மிச்சத் தண்ணீரைக் கொட்டிக் கவிழ்த்தாள்.

அமுதம்தான் அவளை வேலையிலிருந்து நிறுத்தவேண்டாம் என்று மாமனாரிடம் பேசினாள். தையலம்மாள் மட்டும் அதன் பிறகு காசம்மாளோடு நேராகப் பேசவேயில்லை. சொல்லவேண்டியதை அமுதத்திடம் சொல்வாள். அமுதம் வந்து காசம்மாளிடம் சொல்வாள்.