பிறந்தநாள் பரிசாக ஒரு லேசர்

விமானப்படைக்கு ஆள் எடுக்கும் தேர்வு வாரியம் ஒன்று எங்கள் மைசூரில் இருக்கிறது. எங்கெங்கிருந்தோ பிள்ளைகள் பெட்டியோடு ரயிலில் வந்து இறங்குவார்கள். முதல் நாளே கழித்துக்கட்டப்பட்டவர்கள் சாயங்கால வண்டியில் திரும்புவார்கள். அப்பா ரயில்வேயில் கார்டு. "இன்னிக்கும் ஒரு கும்பல் மூக்கைச் சிந்திக்கிட்டே ஏறிச்சு" என்று வீட்டில் சொல்லிச் சிரிப்பார். நானும் சிரிப்பேன். அப்படித் திரும்பப் போகிறவள் நான் இல்லை என்ற திமிர்.

போர் விமானம் ஓட்ட வேண்டும், சோதனை விமானி ஆக வேண்டும், அங்கிருந்து விண்வெளிக்கு. நம் நாட்டில் அதுதான் வழி என்று பள்ளியிலேயே தெரிந்துவைத்திருந்தேன். அம்மா போனபின் வீட்டில் நானும் அப்பாவும் மட்டும். அவர் ஒருநாளும் வேண்டாம் என்று சொன்னதில்லை.

பதினெட்டு முடிந்ததும் பரிசு தந்தார். "லேசர் பண்ணிக் கண்ணாடியக் கழட்டிடலாம் கண்ணு. பைலட்டுக்குக் கண்ணாடி எதுக்கு?" எனக்கு இருந்தது கொஞ்சம் பவர்; படிக்கும்போது மட்டும் போடுவேன். ஆஸ்பத்திரியிலிருந்து மண்டி மொஹல்லா கடைத்தெரு நெரிசலில் ஆட்டோ ஊர்ந்தபோது அவர் தோளில் சாய்ந்துகொண்டு, இப்படி ஒரு அப்பா யாருக்குக் கிடைப்பார் என்று நினைத்தேன். அதை நினைத்தால் இன்றும் உடம்பு கூசுகிறது.

பட்டம் வாங்கினேன். வாரியத்தில் தேறினேன். மருத்துவப் பரிசோதனைக்குப் பெங்களூர் போனேன். கண் மருத்துவர் கருவியைத் தள்ளிவைத்துவிட்டு, எந்த வயதில் லேசர் செய்தாய் என்று கேட்டார். சொன்னேன். இருபதுக்கு முன் செய்திருந்தால் எடுக்க மாட்டோம் என்றார். பழைய பவரையும் கேட்டார். அதையும் சொன்னேன், காகிதத்தில் குறித்துக்கொண்டார். பிறகு, "செய்யாமலே விட்டிருந்தால் தேறியிருப்பாய்" என்றார். இரக்கப்பட்டுத்தான் சொன்னார். சொல்லாமல் இருந்திருக்கலாம்.

மூக்கைச் சிந்திக்கொண்டுதான் மைசூரில் இறங்கினேன். அப்பா பிளாட்பாரத்தில் நின்று பெட்டியை வாங்கிக்கொண்டார். "ஹோகலி பிடு, போனாப் போகட்டும் கண்ணு. நமக்குக் கொடுத்துவெச்சது அவ்ளோதான்." வழியில் மசாலா தோசை வாங்கித் தந்தார்.

ரயில் ஓட்டுகிறவர்கள், கார்டுகள் வீட்டில் கண்ணைப் பற்றிய பேச்சு ஓயாது. கண் பரிசோதனையில் தவறினால் வண்டியில் ஏற முடியாது. சில மாதம் கழித்து அப்பாவின் சிநேகிதர் ஒருவர் அந்தப் பேச்சோடுதான் வந்தார். அவர் பையன் ரயில் ஓட்டும் வேலைக்குப் பரீட்சை எழுதப்போகிறானாம், கண்ணாடியைக் கழட்ட லேசர் செய்துவிடலாமா என்று கேட்டார். நான் காபியோடு வந்துகொண்டிருந்தேன்.

"பைத்தியமா உனக்கு?" என்றார் அப்பா. "லேசர் பண்ணா மெடிக்கல்ல கண்டுபிடிச்சுத் தூக்கிப் போட்ருவான். ரயில்வேல இத்தன வருஷம் இருந்துட்டு இதுகூடத் தெரியாதா? ரயிலுக்கே இப்படின்னா பிளேனுக்கு..."

என்னைப் பார்த்ததும் நிறுத்தினார். சிநேகிதர் சீக்கிரமே கிளம்பிவிட்டார்.

"தெரிஞ்சுதான் பண்ணீங்களா?"

பொய் சொல்லவில்லை, அந்த மட்டில் யோக்கியர். "ஆமா. லைன்ல அடிபட்டவங்கள இந்தக் கையால பொறுக்கி எடுத்திருக்கேன். மேலேருந்து விழுந்தா பொறுக்கக்கூட ஒண்ணும் மிஞ்சாது. வேணாம்னா நீ கேட்டிருப்பியா? இப்ப என் கண்ணு முன்னாடி உசுரோட இருக்கேல்ல?" காபியை மிச்சம் வைக்காமல் குடித்தார்.

அன்று அவரை வெறுத்தேன். இன்றும் வெறுக்கிறேன். நஞ்சன்கூட்டில் ஒரு தொழிற்சாலையில் மாத்திரை அட்டைகளைச் சரிபார்க்கும் வேலை எனக்கு. காலை ரயிலில் போய் மாலை ரயிலில் திரும்புகிறேன்.

அப்பா ஓய்வு பெற்றுவிட்டார். இரண்டு கண்ணிலும் புரை. விண்வெளிக்குப் போக நம் ஆட்கள் பயிற்சி எடுப்பதை டிவியில் காட்டினால் நாற்காலியை ஒட்டிப் போட்டுக்கொண்டு, "என்னம்மா காட்றான்? வெறும் வெள்ளையாத் தெரியுதே" என்கிறார். விளம்பரம் என்கிறேன்.

போன வாரம் மறுபடி கேட்டார். "ஆபரேஷன் எப்போன்னு டாக்டரக் கேட்டியாம்மா?"

"கேட்டேன்ப்பா. இன்னும் முத்தலையாம். அவசரப்பட வேணாம்னாரு."

டாக்டரை நான் பார்க்கவே இல்லை. அப்பா தலையாட்டிவிட்டு, என் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டார். "நீ சொன்னாச் சரி" என்றார்.