குளத்துப் படியில வச்ச சுண்ணாம்புப் பொட்டு

அத ஏன் கேக்குற புள்ள, தப்பு பக்கத்து வீட்டு மலாய்க்காரச் சிட்டி அக்கா மேல இல்ல, என் மேலதான். ஜப்பான்காரன் காலத்துல ஒருதரம் மழையே இல்லாம, மலாக்காவுல நாங்க இருந்த காஜா பெராங்ல எங்க குளம் இறங்கிட்டே போச்சு. கடைசிப் படி தெரிஞ்சா செமாபோக் ஊர்ல இருக்குற நாத்தனார் வீட்டுக்குப் போயிடணும்னு எங்க வீட்டுக்காரரு சொல்லிட்டாரு. அவ வாய்க்கு யாரு பதில் சொல்றது? எனக்கு எழுதத் தெரியாது. தினம் காலைல தண்ணி நிக்கிற இடத்துல வெத்தலைச் சுண்ணாம்பால ஒரு பொட்டு வைப்பேன். ஒருநாள் பாத்தா, முந்தின நாள் வச்ச பொட்டக் காணோம். "ஏன்க்கா அழிச்சீங்க?"ன்னு மலாய்ல சண்டைக்குப் போனேன். அந்த அக்கா சிரிச்சுக்கிட்டே என் கையப் புடிச்சுத் தண்ணிக்குள்ள விட்டாங்க. உள்ள சொரசொரன்னு பொட்டு இருக்கு. மேட்டுப்பக்கம் மழை பெஞ்சு தண்ணி ஏறியிருக்கு, புள்ள. நாத்தனார் வீட்டுக்கு நான் போகவே இல்ல. இரு, அடுப்புல மரவள்ளிக்கெழங்கு அடிப்பிடிக்குது, இறக்கி வச்சிட்டு வரேன்.