கிழட்டுக் காட்டுக்கு வழிகாட்டி

காடு காட்டுகிற வேலைக்கு மரங்களைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்தால் போதும். மனுசரைப் பற்றித்தான் நிறையத் தெரிய வேண்டும். கடையிலோ கந்தோரிலோ சனத்தோடு மாரடிக்கிற உங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. இரண்டாயிரத்துகளின் தொடக்கத்தில், மொன்ட்ரியால் தீவின் மேற்குக் கரையில் இருந்த ஒரு பழங்காட்டில் நான் கோடைக்கால வழிகாட்டி.

கட்டிப்பிடி

பனிமழையில் கொப்பு முறிந்த மேப்பிள்களை, காட்டு வேலையாள் லூக் தரையோடு ஒட்ட வெட்டுவான். வேர் சாகாது, அடுத்த வசந்தத்தில் சுற்றிவரத் துளிர்க்கும். இதை நான் விளக்கிக்கொண்டிருக்கும்போதே மெஷின் வாள் உறுமியது. வந்தவர்களில் ஒரு மடாம் ஓடிப்போய் ஒரு மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, முதலில் என்னை வெட்டுங்கள் என்று பிரெஞ்சில் அழுதார்.

லூக் வாளை நிறுத்திவிட்டு, ஒரு அடிக்கட்டையில் குந்தி சாண்ட்விச் சாப்பிட்டான். கடிக்கிற நுளம்பு மடாமை விடவில்லை; மடாம் மரத்தை விடவில்லை. சாப்பிட்டு முடிந்து, வாயைத் துடைத்துக்கொண்டு அவன் சொன்னான்: "மடாம், நான் வெட்ட வந்தது பக்கத்து மரத்தை."

திவ்யா

பீச் மரத்தின் பட்டை வழுவழுப்பானது. கத்தி பட்டால் வடு ஆயுசுக்கும் மாறாது. சென்னையிலிருந்து படிக்க வந்த கார்த்திக், அதில் 'திவ்யா' என்று செதுக்கிக்கொண்டிருந்தபோது கையும் களவுமாகப் பிடித்தேன். பக்கத்தில் திவ்யா வெட்கப்பட்டுக்கொண்டு நின்றாள். இரண்டு பேருக்கும் நல்ல ஏச்சு.

அடுத்த கோடையில் அதே கார்த்திக் வேறொரு பெண்ணோடு வந்தான். வடு எப்படி விரிகிறது என்று காட்ட எல்லாரையும் அந்த மரத்தடிக்குக் கூட்டிப்போவது என் வழக்கம். அவன் முந்திக்கொண்டு ஓடி, எழுத்தை மறைத்து முதுகைச் சாய்த்து நின்றுகொண்டான். அவள் இலை பொறுக்க நகர்ந்த நேரம் பார்த்து என் காதில் கேட்டான்: "அக்கா, இந்த மரத்தை எப்ப வெட்டுவீங்க?"

பொந்து

புரோசார்ட்டிலிருந்து மனைவியோடு வந்த சிவநாதன் அண்ணை பருத்த மனிதர். படம் எடுக்கவென்று, காட்டிலேயே மூத்த மேப்பிளின் பொந்துக்குள் நுழைந்தார். நுழைந்தவரால் வெளியே வர முடியவில்லை. முதலில் எல்லாரும் சிரித்தோம். பேந்து அவருக்கு மூச்சு இளைத்தது, முகம் வெளிறியது. நான் லூக்கைக் கூப்பிட்டேன்.

லூக் கைவாளோடு வந்தான். பொந்தின் வாயை அறுக்கலாம், ஆனால் மரம் பிழைக்குமோ தெரியாது என்றான். அங்கே நின்ற எங்கள் எல்லாருடைய வயதையும் கூட்டினாலும் அந்த மரத்தின் வயது வராது. மனுசனா மரமா என்றால் வேறு வழி ஏது? அறு என்றேன்.

அண்ணையின் மனைவி குறுக்கே வந்தார். பொந்துக்குள் கையை விட்டு அவருடைய ஜக்கெற் பைகளைத் துழாவினார். ஒவ்வொரு பையிலிருந்தும் மட்டன் றோல்ஸ் பார்சல் சப்பளிந்து வந்தது. கடைசிப் பார்சலும் வந்த பிறகு, அண்ணை மூச்சை விட்டு, பக்கவாட்டில் திரும்பி, ஒரு பொத்தானை மட்டும் உள்ளே விட்டுவிட்டு வெளியே வந்தார். பார்சல்களைக் கையில் ஏந்திக்கொண்டு மனைவி சொன்னார்: "மரத்தில பிழையில்லை. டயட்டில இருக்கிறன் எண்டு எனக்குச் சொன்னவர் இவர்தான்."

அந்தக் காட்டில் அத்தனை கோடைகள் நான் கத்தியதில், குறுக்கே கதைக்காமல் நின்று கேட்டவை மரங்கள் மட்டும்தான்.