மார்கழி அருவியும் என் வாயும்

எங்கள் தெருவுக்குக் கரண்டு வந்த வருஷம்தான் எனக்குக் கல்யாணம். அந்த மார்கழியில் நாங்கள் கூட்டாளிகள் நாலு பேர் விடியற்காலையில் குற்றால அருவியில் குளித்தோம். இதை நான் சொல்லாத ஆள் கிடையாது.

இன்று காலை அருவிக்கரை டீக்கடையில் ஸ்வெட்டர், மப்ளர், மேலே மகனின் மழைக்கோட்டுடன் உட்கார்ந்திருந்தேன். மாலை போட்ட சாமிமார் குளிக்கப் போக நடுங்கிக்கொண்டு நின்றார்கள்.

சும்மா இருந்திருக்கலாம்.

“இதெல்லாம் ஒரு குளிராய்யா? நாங்க குளிச்ச தண்ணிக்கு இது வெந்நீரு” என்றேன்.

ஒரு சாமி கையைப் பிடித்துவிட்டார். “அப்போ நீங்க முன்னால போங்க சாமி. உங்களப் பாத்து நாங்களும் இறங்குதோம்.”

துண்டும் கைக்கு வந்துவிட்டது. போன வாரம்தான் நெஞ்சுச் சளிக்கு ஊசி போட்டிருந்தேன்.

பக்கத்துப் பெஞ்சில் ஒரு குரங்குக் குல்லா திரும்பியது. அன்று கூட வந்த இசக்கிமுத்து!

“சாமி, அவன விடுங்க. அன்னைக்கு நாங்க மூணு பேருதான் குளிச்சோம். இவன் இட்லிக்கடை அடுப்புகிட்ட ஒரு செம்பு வெந்நீரத் தலையில ஊத்திட்டு வந்து நின்னான். அருவியில நின்னவன் தலையில தேச்ச எண்ணெ நிக்குமா? இவனுக்குக் காதுவரைக்கும் வழிஞ்சுது.”

கடையே சிரித்தது. சாமி துண்டைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

மானம் போனது, உயிர் தப்பியது. அவனைத் திட்டவா, கும்பிடவா? நீங்களே சொல்லுங்கள். அன்று என்னைப் பார்த்த மூவரில் இன்னும் உயிரோடு இருப்பது அந்த இசக்கிமுத்து ஒருவன்தான்.